கைவினைப் பொருள்களோடு வான்பயணம்: கைப்பையில் எது, பெட்டியில் எது?

எமது வங்கியில் கடன் பெற்றுத் தொழில் நடத்துவோருள் கைவினைஞர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் கணிசமானோர். ஹரியானா மாநிலம் சூரஜ்குண்டில் ஆண்டுதோறும் நடைபெறும் கைவினைத் திருவிழா, புதுதில்லியின் தில்லி ஹாட் சந்தை ஆகியவற்றுக்கு இரயிலில் இரண்டு நாள் பயணம் செய்த காலம் மாறி, இன்று பலரும் விமானத்தில் சில மணி நேரத்தில் சென்று சேர்கின்றனர். நேரம் மிச்சமாகிறது, ஆனால் கருவிகளையும் மூலப்பொருள்களையும் கொண்டு செல்வதில் இரயிலில் இல்லாத கட்டுப்பாடுகள் விமானத்தில் உண்டு.

நாள்தோறும் கைக்குப் பழகிய கத்தரிக்கோல் பாதுகாப்புச் சோதனையில் கைவிடப்படுமானால், இழப்பு அதன் விலையோடு நிற்பதில்லை. மறுநாள் காலை கடை விரிக்கும்போது கருவியின்றி நிற்க நேரிடும். ஆகவே, ஒவ்வொரு பொருளையும் எடுத்துவைக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். இதனை எங்கே வைக்க விதி இடம் தருகிறது? இது தொலைந்தால் அந்த இழப்பை நம்மால் தாங்க முடியுமா? முதற்கேள்வியைப் பலரும் கேட்கின்றனர். இரண்டாவது கேள்வியும் அதே அளவு முக்கியமானது என்பதே எமது கருத்து.

கைப்பையில் ஆகாதவை

நம் நாட்டில் விமானப் பயணப் பாதுகாப்பு விதிகளை வகுப்பது சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம். பெரும்பாலான முக்கிய விமான நிலையங்களில் சோதனையை மேற்கொள்வது மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை. ஒரு பொருள் பட்டியலில் இல்லாவிடினும், அது ஆபத்தானது எனச் சோதனை அலுவலர் கருதினால் அதனைத் தடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

கூர்முனை கொண்ட உலோகக் கத்தரிக்கோல், கத்தி, கட்டர், தனி பிளேடு ஆகியவை கைப்பையில் செல்லா. சுத்தியல், திருப்புளி, குறடு, இரம்பம், துளையிடும் கருவி போன்றவையும் அவ்வாறே. உளி, ஆரி ஊசி, துளையூசி ஆகியவற்றையும் இவற்றோடு சேர்த்துக்கொள்வதே பாதுகாப்பு. இவை அனைத்தையும் செக்-இன் பெட்டியில் வைக்கலாம். முனைகளைத் தடித்த அட்டையாலோ உறையாலோ மூடிக் கட்டுதல் வேண்டும். பெட்டியைத் திறந்து பார்க்கும் அலுவலரின் கையைக் காயப்படுத்தலாகாது.

எந்தப் பெட்டியிலும் ஆகாதவை

‘கைப்பையில் ஆகாதது எல்லாம் செக்-இன் பெட்டியில் ஆகும்’ என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தீப்பற்றும் பொருள்களைப் பொறுத்தவரை அது தவறு. டர்பன்டைன், தின்னர், ஸ்பிரே பெயிண்ட், எளிதில் தீப்பற்றும் வார்னிஷ், இரப்பர் வகைப் பசை, பற்றவைக்கும் கருவிக்கான எரிவாயுக் குப்பி ஆகியவை இரண்டிலும் தடை செய்யப்பட்டவை. 60 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்குள் தீப்பற்றும் ஆவியை வெளியிடும் திரவங்களை வான்போக்குவரத்து விதிகள் ஆபத்தான சரக்காகக் கொள்கின்றன.

இதற்கு மாற்று உண்டு. நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமும், மரவேலைக்குப் பயன்படும் நீர் சேர்ந்த வெள்ளைப் பசையும் அவ்வாறு தீப்பற்றுவன அல்ல. அவற்றைச் செக்-இன் பெட்டியில் வைக்கலாம். தீப்பற்றும் பொருள்களைச் சென்று சேரும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளத் திட்டமிடுதல் வேண்டும். அச்செலவைப் பயணக் கணக்கில் முன்கூட்டியே சேர்த்துக்கொண்டால் பின்னர் திகைக்க நேராது.

கைப்பையிலேயே இருக்க வேண்டியவை

சில பொருள்களுக்கு விதி நேர்மாறானது. பவர் பேங்க், கருவியிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரி ஆகியவற்றைச் செக்-இன் பெட்டியில் வைக்கலாகாது. கைப்பையில் மட்டுமே கொண்டு செல்ல வேண்டும். அளவு 100 வாட்-மணிக்குள் இருத்தல் வேண்டும். மில்லி-ஆம்பியர்-மணி அளவை 1,000-ஆல் வகுத்து வோல்ட் அளவால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 20,000 மில்லி-ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட் கொண்ட பவர் பேங்க் 74 வாட்-மணி, அது செல்லும். 100 முதல் 160 வாட்-மணி வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. பேட்டரியில் இயங்கும் துளையிடும் கருவியைச் செக்-இன் பெட்டியிலும், அதன் உபரி பேட்டரியைக் கைப்பையிலும் பிரித்து வைக்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். உள்நாட்டுப் பயணத்தில் செக்-இன் பெட்டி தொலைந்தாலோ சேதமுற்றாலோ விமான நிறுவனத்தின் பொறுப்பு, பயணி ஒருவருக்கு அதிகபட்சம் 20,000 ரூபாய். உள்ளிருந்த பொருளின் மதிப்பு அதனினும் கூடுதலாக இருந்தாலும் இந்த வரம்பு பொதுவாக மாறாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பூவேலை செய்த 12 துப்பட்டாக்கள், ஒவ்வொன்றும் 4,000 ரூபாய், எடை அரைக் கிலோ என்று கொள்வோம். அனைத்தையும் செக்-இன் பெட்டியில் வைத்தால் பெட்டியின் மதிப்பு 48,000 ரூபாய். பெட்டி தொலைந்தால் 28,000 ரூபாய்க்கு ஈடு இல்லை. எட்டைக் கைப்பையில் வைத்தால் எடை 4 கிலோ. உள்நாட்டு விமானங்களில் பொதுவாக அனுமதிக்கப்படும் 7 கிலோவுக்குள் அடங்கும். எஞ்சிய நான்கும், 3,000 ரூபாய் மதிப்புள்ள கருவிகளும் சேர்ந்து பெட்டியின் மதிப்பு 19,000 ரூபாய். பயணச் செலவு கூடவில்லை. ஈடில்லா இழப்பு மட்டும் நீங்கிவிட்டது.

விலை உயர்ந்த வேலைப்பாடுகள், மீண்டும் செய்ய இயலாத மாதிரிகள், வடிவமைப்பு ஏடுகள், கடைக்கான ஒதுக்கீட்டுக் கடிதம் ஆகியவற்றின் இடம் கைப்பையே. பணம், நகை, ஆவணங்கள் ஆகியவற்றைச் செக்-இன் பெட்டியில் வைக்கலாகாது என்பது விமான நிறுவனங்களின் பொது நிபந்தனையும் ஆகும்.

ஊசியும் நூலும்

பயண நேரத்தில் பின்னல் வேலை செய்ய விரும்புவோர் பலர். நூல், துணி, மணிகள் ஆகியவற்றுக்குத் தடை இல்லை. குரோஷா ஊசியும் பின்னல் ஊசியும் சோதனை அலுவலரின் முடிவுக்கு உட்பட்டவை. எனவே நீண்ட உலோக ஊசிகளைச் செக்-இன் பெட்டியில் வைத்து, மூங்கிலாலோ பிளாஸ்டிக்காலோ ஆன குட்டையான ஊசியை மட்டும் கைப்பையில் வைப்பது நன்று. பாதி முடிந்த பின்னல் இருப்பின், சோதனைக்கு முன்பே அதன் கண்ணிகளுக்குள் ஒரு தடித்த நூலைக் கோத்துவிட வேண்டும். ஊசியை விட்டுவிட நேர்ந்தாலும் பின்னல் அவிழாது. நூலைத் தேவையான நீளங்களில் வீட்டிலேயே நறுக்கி வைத்தால் கத்தரிக்கோலுக்கே தேவை இராது.

வெளிநாட்டுப் பயணத்தில்

கண்காட்சிக்காகவோ பிள்ளைகளைக் காணவோ வெளிநாடு செல்வோர், விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதை மனத்திற்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் திருகாணியிலிருந்து 4 அங்குலத்துக்குக் குறைவான நீளமுள்ள கத்தரிக்கோலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 6 சென்டிமீட்டருக்கு உட்பட்டதும் கைப்பையில் அனுமதிக்கப்படுகின்றன. எந்த நிலையத்தில் சோதனை நடைபெறுகிறதோ அங்குள்ள விதியே பொருந்தும். ஆகவே அங்கே அனுமதிக்கப்படும் கத்தரிக்கோல் இங்கிருந்து புறப்படும்போது தடுக்கப்படலாம். இடையில் விமானம் மாறும் நிலையத்திலும் மீண்டும் சோதனை நடைபெறக்கூடும்.

2006 ஆகஸ்டில் இலண்டனில் திரவ வெடிபொருள் சதித்திட்டம் வெளிப்பட்ட பின், திரவங்களுக்கான வரம்பு உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. பன்னாட்டுப் பயணத்தில் ஒவ்வொரு குப்பியும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படலாகாது. அவை அனைத்தும் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள, ஒளிபுகும் பையில் அடங்க வேண்டும். பசையும் குழாயில் அடைத்த வண்ணமும் இதில் திரவமாகவே கொள்ளப்படும். குப்பி 200 மில்லிலிட்டர் எனில், உள்ளே பாதியே இருந்தாலும் செல்லாது. அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட பொடிகளுக்கு 2018 முதல் கூடுதல் சோதனை உண்டு. கோலமாவு, சாயப்பொடி ஆகியவற்றைச் செக்-இன் பெட்டியில் வைப்பதே எளிது. மயிற்பீலி சேர்ந்த கைவினைப் பொருள்களை வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லச் சட்டம் இடம் தரவில்லை.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

பயணத்துக்கு முந்தைய மாலையில் பொருள்கள் அனைத்தையும் விரித்து, கைப்பை, செக்-இன் பெட்டி, கொண்டு செல்லாதவை என மூன்றாகப் பிரித்துக்கொள்ளவும். செக்-இன் பெட்டியில் வைப்பவற்றின் பட்டியலை எழுதி, கைப்பேசியில் படம் எடுத்து, விலைச்சீட்டுகளோடு சேர்த்து வைக்கவும். இழப்பீடு கோரும்போது இவையே சான்று.

விமான நிலையத்தில் ஒரு பொருள் தடுக்கப்பட்டால், செக்-இன் முகப்பு மூடப்படாதிருப்பின் திரும்பிச் சென்று அதனைப் பெட்டியாக ஒப்படைக்க வாய்ப்புக் கேட்கலாம். முகப்புகள் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடங்களுக்கு முன்பே மூடப்படுகின்றன. முன்னதாகச் செல்வோருக்கே இவ்வாய்ப்பு உண்டு.

பெட்டி வந்து சேராவிடில், நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவன முகப்பில் எழுத்து வடிவில் புகார் அளித்து, அதன் எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பன்னாட்டுப் பயணத்தில் சேதத்துக்கு 7 நாள்களுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கிடைத்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள்ளும் எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். அதிக மதிப்புள்ள சரக்கை அடிக்கடி கொண்டு செல்வோர் காப்பீடு பற்றி விசாரித்து அறிவது நலம்.

17 செப்டம்பர் 2023 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டம், 18 மரபுத் தொழில்களைச் சேர்ந்தோருக்குக் கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரையும், 5 விழுக்காட்டு வட்டியில் முதற்கட்டமாக 1 லட்சம் ரூபாய் வரை கடனும் வழங்குகிறது. இத்திட்டம் கருவியையே தொழிலின் முதலாகக் கருதுகிறது. சந்தையில் விற்பனை குறைந்த மாதத்திலும் கடன் தவணை குறைவதில்லை. கருவி தொலைந்த மாதத்திலும் அவ்வாறே. எனவே வரவு செலவுக் கணக்கு எழுதுவதற்குக் காட்டும் அதே கவனத்தைப் பெட்டி கட்டுவதற்கும் காட்டுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.