அடிபடாமலேயே தோலில் நீலத் திட்டுகளா? ரத்தத்தில் இருக்கலாம் காரணம்!

'எங்கேயும் இடிச்சுக்கவே இல்லையே, இது எப்படி வந்துச்சு?' தொடையிலோ கையிலோ திடீரென நீலத் திட்டு தெரிந்தால் பலரும் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் நமக்கே தெரியாமல் கட்டிலிலோ மேசையிலோ இடித்திருப்போம். பச்சை, மஞ்சள் என நிறம் மாறி, சில நாட்களில் மறைந்துவிடும். ஆனால், காரணமே இல்லாமல் அடிக்கடி வந்தால் ரத்தத்தைப் பரிசோதிப்பது அவசியம்.

உடலே உடலைத் தாக்கினால்?

கிருமிகளை எதிர்க்க நம் உடல் ஆன்டிபாடிகளை உருவாக்குகிறது. சிலருக்கு இவை ஆள் மாறிப்போய் சொந்த உடலையே தாக்கும். இதுதான் ஆட்டோஇம்யூன் பாதிப்பு. ரத்தம் உறைவதில் இது தலையிட்டால், நேரெதிரான இரண்டு சிக்கல்கள் வரலாம்.

1. ரத்தம் கசிவது

டெங்கு வந்தால் குறையுமே, அதே தட்டணுக்கள்தான் இங்கேயும் பிரச்சனை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இவை இருக்க வேண்டும். 'ஐடிபி' எனும் பாதிப்பில் ஆன்டிபாடிகள் தட்டணுக்களில் ஒட்டிக்கொள்ள, மண்ணீரல் அவற்றை அழித்துவிடுகிறது. இதனால் நீலத் திட்டுகள், ஊசி குத்தியது போன்ற சிவப்புப் புள்ளிகள், ஈறில் ரத்தம், மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு ஆகியவை ஏற்படலாம்.

2. தேவையில்லாமல் உறைவது

'ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம்' பாதிப்பில் ரத்தக் குழாய்க்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும். 1983-ல் இதை விவரித்தவர் லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ். சிலருக்குக் கால்களில் வலை பின்னியது போல ஊதா நிறக் கோடுகள் தெரியும். குளிரில் வரும் இத்தகைய கோடுகள் உடல் சூடானதும் மறைந்தால் பயம் வேண்டாம். மறையாமல் இருந்தாலோ, தொடர்ந்து கருச்சிதைவு, இளம் வயதில் பக்கவாதம் போன்றவை இருந்தாலோ கட்டாயம் கவனிக்க வேண்டும். முன்பே கண்டுபிடித்தால், கர்ப்ப காலத்தில் மருத்துவர் தரும் ஆஸ்பிரின், ஹெப்பாரின் சிகிச்சையால் பலருக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறக்கிறது.

வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

கண்ணாடி டம்ளரைத் தோலில் வைத்து அழுத்துங்கள். நிறம் மறையாவிட்டால், ரத்தம் குழாயை விட்டுத் தோலுக்குள் கசிந்திருக்கலாம். இது ஒரு அறிகுறி மட்டுமே. உறுதி செய்ய டெஸ்ட் தேவை.

என்ன டெஸ்ட்?

முதலில் சிபிசி எனும் முழு ரத்தப் பரிசோதனை. பிறகு ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பிடி, ஏபிடிடி. தேவைப்பட்டால் ஆன்டிபாடி டெஸ்ட். காய்ச்சல், கிருமித்தொற்றாலும் ஆன்டிபாடிகள் தற்காலிகமாகக் கூடலாம் என்பதால், 12 வாரம் கழித்து மீண்டும் எடுத்துத்தான் உறுதி செய்வார்கள்.

இதை மட்டும் செய்யாதீங்க

'ரத்தம் கட்டியிருக்கு' என்று நீங்களாகவே ஆஸ்பிரின் போட வேண்டாம். இரண்டாவது பாதிப்புக்கு மருந்தாகும் அதே மாத்திரை, தட்டணு குறைந்தவருக்கு ரத்தக்கசிவை அதிகமாக்கிவிடும்.

காய்ச்சலோடு மறையாத புள்ளிகள், நிற்காத ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குளறல் இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.