மெல்லக் கற்கும் குழந்தைக்கு ஏற்ற பள்ளியைத் தேர்வது எப்படி?

கொல்கத்தாவின் டாலிகஞ்ச் கிளைக்கு நான் மாற்றலாகி வந்தபோது என் மகனுக்கு எட்டு வயது. நான்காம் வகுப்பில் சேர்த்தோம். முதல் பருவத் தேர்விலேயே மூன்று பாடங்களில் தவறினான். பயிற்றுமொழி ஆங்கிலம், இரண்டாம் மொழி வங்காளம், மூன்றாம் மொழி இந்தி; புதிய எழுத்துகளே சுமை என்று நானாக முடிவு செய்து தனிப்பயிற்சிக்கு அனுப்பினேன். ஓராண்டு வீணாயிற்று. "வேறு பள்ளி பாருங்கள்" என்று பள்ளியில் கூறிய பின்னரே உளவியல் வல்லுநரை நாடினோம். தமிழையும் அவன் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான் என்பதை அவர் முன்னிலையில்தான் கவனித்தேன். அவனுக்கு இருந்தது டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு. கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் காரணத்தைத் தேடும் நான், மகன் விஷயத்தில் அதைச் செய்யத் தவறினேன். வாடிக்கையாளர் எவருக்கும் அந்த ஓராண்டு இழப்பு நேரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

முதலில் காரணம், பிறகே பள்ளி

மதிப்பெண் குறைவுக்குக் காரணங்கள் பல: பார்வை, செவித்திறன், மொழி மாற்றம், கவனக் குறைபாடு, கற்றல் குறைபாடு. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். தாய்மொழியிலும் வாசிப்பு தடுமாறுகிறதா என்று பாருங்கள். தடுமாறினால் புதிய மொழியை மட்டும் குறை கூற இயலாது. கற்றல் குறைபாட்டுக்கான அரசுச் சான்றிதழ் எட்டு வயது முதல் வழங்கப்படுகிறது. சான்றிதழ் பெறுவதைச் சிலர் இழுக்காகக் கருதுகின்றனர். உண்மையில் தேர்வுச் சலுகைகளுக்கான திறவுகோல் அதுவே.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை

"நூறு விழுக்காடு தேர்ச்சி" என்னும் விளம்பரத்தைக் கண்டதும், அது எத்தனை பேரில் நூறு விழுக்காடு என்று கேளுங்கள். பின்னத்தில் தொகுதியை மட்டும் காட்டிப் பகுதியை மறைத்தால் மதிப்பு விளங்காது. எட்டாம் வகுப்பில் எத்தனை மாணவர் இருந்தனர், அவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினர் என்பதே சரியான வினா. இடையில் பலர் விலகியிருந்தால், அப்பள்ளி பின்தங்கியவரை உயர்த்தவில்லை, வெளியே அனுப்பிவிட்டது என்று ஐயுற இடமுண்டு.

சிறப்பாசிரியர் முழுநேரமாக இருக்கிறாரா, ஒரு பிரிவில் எத்தனை மாணவர்கள், வாய்மொழித் தேர்வுக்கு இடமுண்டா என்பவற்றையும் கேட்டறிக. தொலைவும் முக்கியம். டாலிகஞ்சிலிருந்து மெட்ரோவில் நகரின் வடக்கு வரை செல்லலாம். ஆனால் நாள்தோறும் இரண்டு மணி நேரம் பயணத்தில் கழியுமானால், சிறப்புப் பயிற்சிக்குரிய நேரமும் தெம்பும் குழந்தைக்கு எஞ்சா.

எந்தப் பாடத்திட்டம்?

கொல்கத்தாவில் ஐ.சி.எஸ்.இ., சி.பி.எஸ்.இ., மாநில வாரியம் ஆகிய மூன்றும் உண்டு. ஐ.சி.எஸ்.இ. தேர்வில் ஆங்கில மொழிக்கும் இலக்கியத்துக்கும் தனித்தனித் தாள்கள் உள்ளன. வாசிப்பில் தடுமாறும் குழந்தைக்கு இது கூடுதல் சுமை. சி.பி.எஸ்.இ. தேர்வில், சான்றிதழ் பெற்ற மாணவருக்குக் கூடுதல் நேரம், எழுதித் தர உதவியாளர், மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவை கிடைக்கின்றன. அடிக்கடி மாற்றலாகும் குடும்பங்களுக்கு நாடெங்கும் ஒரே பாடத்திட்டம் இருப்பதும் நன்மையே.

வழக்கமான பள்ளி பொருந்தாவிடில், 1989இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் உள்ளது. ஐந்தாண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள் தந்து, தேறிய பாடங்களைக் கணக்கில் வைத்துக்கொள்ளும் முறை அங்குண்டு. அதைத் தோற்றவரின் புகலிடமாக எண்ண வேண்டியதில்லை.

சட்டம் தரும் பாதுகாப்பு

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை குழந்தையைப் பள்ளியிலிருந்து நீக்க இயலாது. நன்கொடை கேட்பதும், சேர்க்கைக்குத் தேர்வு வைப்பதும் குற்றம். ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே பள்ளி எவ்வகையைச் சார்ந்தது என்பதைச் சேர்க்கைக்கு முன்பே அறிந்துகொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது.

செலவைத் திட்டமிடல்

சிறப்புப் பயிற்சி ஒரு மாதத்தில் முடிவதன்று, ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடும். புகழ்பெற்ற பள்ளியின் பெருங்கட்டணத்திற்கே வருமானம் முழுவதையும் ஒதுக்கிவிட்டால், தேவையான பயிற்சிக்குப் பணம் இராது. பள்ளிக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் இரண்டையும் கூட்டிப் பார்த்த பின்னரே முடிவெடுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் வரும் மொத்தச் செலவுக்கு, அதே மாதத்தில் முதிர்வடையும் தொடர் வைப்பு உதவும். பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்கள், இரு குழந்தைகளின் கல்விக் கட்டணத்திற்கு, பிற சேமிப்புகளையும் உள்ளடக்கிய ரூ.1,50,000 வரம்புக்குள் வரிக்கழிவு பெறலாம். நன்கொடையும் வளர்ச்சிக் கட்டணமும் இதில் அடங்கா.

என் மகனை நாற்பது பேர் இருந்த பிரிவிலிருந்து இருபத்திரண்டு பேர் உள்ள, அதிகம் பெயர் பெறாத ஒரு பள்ளிக்கு மாற்றினோம். இப்போது ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். மதிப்பெண் இன்றும் நடுத்தரம்தான். ஆனால் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வது நின்றுவிட்டது. பள்ளி சரியாக அமைந்ததென்று எங்களுக்கு முதலில் உணர்த்தியது அதுதான்.