கொச்சி: ஊர்ப்பெயரின் தோற்றமும் பரவலும்

மட்டாஞ்சேரியையும் கோட்டைக் கொச்சியையும் உள்ளடக்கிய பழைய துறைமுகப் பகுதிக்கு உரியது கொச்சி என்னும் பெயர். 1341இல் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்து, இங்குக் கடல்முகத்தை அகலப்படுத்தியது என்பது மரபுவழிச் செய்தி. இதனையொட்டி, 'சிறிய' எனப் பொருள்படும் கொச்சு, 'கழிமுகம்' எனப் பொருள்படும் அழி ஆகிய மலையாளச் சொற்கள் இணைந்து இப்பெயர் ஆயிற்று என்பர். பொருள் பொருந்தினும், ழகர அசையின் இழப்புக்கு ஒலிவிதி காட்டுதல் எளிதன்று. ஆதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை.

மலையாளத்திலும் தமிழிலும் இப்பெயர் உயிரீறு உடையது. 15ஆம் நூற்றாண்டில் மா ஹுவான் எழுதிய சீனக் குறிப்பிலும் அவ்வாறே அமைந்துள்ளது. போர்த்துக்கீசியத்தில் அது 'கொச்சிம்' என மூக்கொலி பெற்றது. மலாய் வழியாகச் சென்ற மந்திரி 'மந்தரிம்' ஆனதும், பல்லக்கின் இனச்சொல் 'பலங்கிம்' ஆனதும் இதனோடு ஒப்பிடத்தக்கன. எனினும் போர்த்துக்கீசியர் வருகைக்கு முன்னரே, இத்தாலியப் பயணி நிக்கோலோ கோண்டியின் செய்திகளைப் பதிந்த இலத்தீன் நூலில் மகர ஈறு காணப்படுகிறது. எனவே அவர்கள் இவ்வடிவைப் பரப்பினர் எனலாமேயன்றி, படைத்தனர் எனத் துணிதல் பொருந்தாது. ஆங்கிலத்தின் 'கொச்சின்' இவ்வழி வந்ததே.

'கொச்சின் சீனா' என்பதன் வரலாறு வேறு. வட வியட்நாமைக் குறித்த 'சியாவ்சி' என்னும் சீனப் பெயர் மலாயில் 'குச்சி' என வழங்கிற்று. அதனை ஏற்ற போர்த்துக்கீசியர், மலபார்க் கொச்சியினின்று வேறுபடுத்தச் 'சீனா' என்பதைச் சேர்த்தனர். பிரெஞ்சு ஆட்சியில் அத்தொடர் தென் வியட்நாமைக் குறித்தது. ஒலியொப்புமை கருதி இதனைக் கொச்சியோடு தொடர்புபடுத்துதல் பிழையாகும்.

பெயரின் எல்லையும் ஒரே நிலையில் இருந்ததன்று. 1949இல் திருவிதாங்கூருடன் இணையும்வரை கொச்சி ஓர் அரசின் பெயருமாகும். 1967இல் எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி ஆகியன ஒரே மாநகராட்சியாயின. அன்றுமுதல் கீழ்க்கரையும் இப்பெயருள் அடங்கிற்று. 1996இல் ஆங்கில எழுத்துவடிவமும் 'கொச்சி' எனத் திருத்தப்பட்டது. கொச்சின் பல்கலைக்கழகம் முதலிய நிறுவனப் பெயர்களில் பழைய வடிவம் நிலைத்துள்ளது.

ஆகவே பழைய ஆவணங்களில் 'கொச்சின்' வருமிடத்து, ஊரா, அரசா, வியட்நாமா என்பதை மொழிபெயர்ப்பாளர் முதலில் தெளிதல் வேண்டும். முதலிரண்டிற்கும் 'கொச்சி' என்னும் தமிழ் வழக்கே போதும். ஆயின் 1967க்கு முற்பட்ட ஆவணத்தில் ஊரைக் குறிக்கும் அப்பெயருள் எர்ணாகுளத்தை அடக்குதல் கூடாது. மூன்றாவதில் 'கொச்சின் சீனா' என்னும் முழுத்தொடரும் வேண்டப்படும். 'கொச்சின்' என்னும் தனிவடிவம் பதிவுபெற்ற நிறுவனப் பெயர்களுக்கு மட்டுமே உரியது.