சாப்பிட்ட பிறகா, வெறும் வயிற்றிலா? படர்தாமரை மாத்திரை கரையும் ரகசியம்!

ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தங்களிலும் நீராட, ஈரத்துணியோடு கிணறு கிணறாக நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு அந்த ஈரம் ஒருநாள் சங்கதி. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் மீனவர்களுக்கோ அதுதான் அன்றாடம். உப்புத்தண்ணீர், வியர்வை, காயாத கைலி... தொடை இடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை வருவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதற்கு டாக்டர்கள் அதிகம் எழுதித்தரும் மருந்துகளில் ஒன்று இட்ராகோனசோல். சிலருக்கு வாரக்கணக்கில் சாப்பிட்டும் அரிப்பு அடங்குவதில்லை. `மருந்து சரியில்லை' என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். ஆனால், அந்த மருந்து ரத்தத்தில் போதுமான அளவு சேராமலேயே போயிருக்கலாம்!

மஞ்சள்தூள் சொல்லும் பாடம்

ஒரு டம்ளர் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கலக்கி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் அடியில் தங்கிவிடும். அதையே சூடான எண்ணெயில் போட்டால், எண்ணெயே மஞ்சளாகிவிடும். இட்ராகோனசோலும் அப்படித்தான், தண்ணீரோடு ஒட்டாது, கொழுப்போடு ஒட்டும்.

விழுங்கும் எந்த மருந்தும் இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். முதலில், வயிறு, குடலில் உள்ள திரவத்தில் கரைய வேண்டும். அடுத்து, குடல் சுவரின் செல் சவ்வைக் கடந்து ரத்தத்தில் சேர வேண்டும். அந்தச் சவ்வு கொழுப்பால் ஆனது. இந்த இரண்டு குணங்களையும் வைத்து மருந்துகளை நான்கு வகையாகப் பிரிக்கும் முறையை, 1995-ல் கோர்டன் அமிடான் குழுவினர் வெளியிட்டார்கள்.

இட்ராகோனசோல் இரண்டாவது வாசலை எளிதாகக் கடந்துவிடும். முதல் வாசலில்தான் சிக்கிக்கொள்ளும். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இதற்கு நேர்மாறு. தண்ணீரில் நன்றாகக் கரையும், சவ்வைக் கடக்காது. அதனால்தான் ரத்தத்தில் பரவிய தொற்றுக்கு அதை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். ஆம்போடெரிசின்-பி என்ற பூஞ்சை மருந்துக்கோ இரண்டு வாசலுமே தகராறு. அதற்கும் டிரிப்ஸ்தான் வழி.

கேஸ் மாத்திரை போடுபவரா?

வழக்கமான இட்ராகோனசோல் கேப்சூல் கரைய, வயிற்று அமிலம் தேவை. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்கினால் நன்றாகக் கரையும். விடியற்காலை வெறும் டீயோடு விழுங்கிவிட்டுப் படகேறினால், பலன் குறைந்துபோகும். அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல் மாத்திரைகளைச் சேர்த்துப் போட்டாலும் இதே கதைதான்.

இட்ராகோனசோல் பல மருந்துகளோடு ஒத்துப்போகாது. இதய பலவீனம் உள்ளவர்களுக்கும் ஆபத்து. எனவே கேஸ், கொழுப்பு, இதய மாத்திரை எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவோ, கூட்டவோ வேண்டாம்.

`சாப்பிட்ட பிறகு' என்பது எல்லா மருந்துக்கும் பொது விதியல்ல. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில்தான் நன்றாகச் சேரும். இட்ராகோனசோலே திரவ வடிவில் வந்தால், அதையும் வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டும்!

க்ரீம் வாங்கும் முன்...

சரியாகச் சாப்பிட்டும் குணமாகவில்லையா? வேறு காரணமும் இருக்கலாம். 2020-ல் பெயரிடப்பட்ட டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்ற பூஞ்சை, டெர்பினாஃபின் மருந்துக்குப் பல நேரங்களில் அடங்குவதில்லை. அதற்காக, மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வாங்கித் தடவாதீர்கள். அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள் பரவும். தோல் டாக்டரைப் பாருங்கள்.

அடுத்த முறை மருந்துச்சீட்டு வாங்கும்போது, `எத்தனை நாள்?' என்பதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: ``சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா டாக்டர்?''