ஆட்டுத்தொட்டியை மூடச் சொல்கிறார்கள்: நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினாலே நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரே கேள்வி பல வடிவங்களில் வருகிறது. “அறுப்புக்கூடங்களை மூடச் சொல்லி வழக்குப் போடுகிறார்களாமே, குர்பானிக்கும் தடை வந்துவிடுமா?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கறிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை ஒருவர், “அத்தா தொழிலை நான் எடுத்துச் செய்யலாமா, இல்லை சிப்காட்டில் வேலை தேடிக்கொள்ளட்டுமா?” என்று கேட்டார். செல்போனில் வரும் செய்திகளில் பாதி வதந்தி. ஆகவே நடந்ததை நடந்தபடி இங்கே சொல்கிறோம்.

தில்லியில் நடந்தது

பழைய தில்லியில் ஈத்கா அருகே ஒரு பெரிய அறுப்புக்கூடம் பல்லாண்டுகளாக இயங்கி வந்தது. அதை எதிர்த்து, விலங்கு நல ஆர்வலர் மேனகா காந்தி 1990-களின் தொடக்கத்தில் தில்லி உயர் நீதிமன்றம் சென்றார். 1994-இல் நீதிமன்றம், நாளொன்றுக்கு 2,500 கால்நடைகளுக்கு மேல் அங்கே அறுக்கக் கூடாது என்று வரம்பு விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2009-இல் கூடம் காஜிப்பூருக்கு இடம் மாறியது.

இந்த வழக்கின் மையம் ‘பிஸ்மில்லாஹ், அல்லாஹு அக்பர்’ என்று சொல்லி அறுப்பது சரியா தவறா என்பது அல்ல. குடியிருப்புகளுக்கு நடுவே இடநெருக்கடி, சுகாதாரக் கேடு, இரத்தமும் கழிவும் எங்கே போகின்றன என்பதே கேள்வி. அதற்குச் சரியான பதில் இல்லாததால் கூடம் அந்த இடத்தை இழந்தது.

ருத்ராரத்தில் நடந்தது

ஐதராபாத் அருகே, அன்றைய மேடக் மாவட்டம் ருத்ராரம் கிராமத்தில் அல்கபீர் என்ற இயந்திர அறுப்புக்கூடம் 1990-களில் தொடங்கப்பட்டது. அதை மூடக் கோரி அகில பாரத் கோசேவா சங்கம் உள்ளிட்டோர் போராடினார்கள், வழக்கும் தொடர்ந்தார்கள். நீரும் நிலமும் கெடும், கால்நடை வளம் அழியும் என்பது அவர்கள் வாதம். நிபுணர் குழுவின் அறிக்கை வாங்கப்பட்டது. 2006 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் கூடத்தை மூட மறுத்துவிட்டது. இறைச்சி ஏற்றுமதிக் கொள்கையை மறுபரிசீலனை செய்வது அரசின் வேலை என்றும் சொல்லியது.

உத்தரப் பிரதேசத்தில் 2017-இல் உரிமம் இல்லை என்று கூடங்களும் கடைகளும் மூடப்பட்டன. அங்கே கறிக்கடைக்காரர் ஒருவரின் வழக்கில், அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு மக்களின் உணவையும் பிழைப்பையும் கருத்தில் கொள்ளும்படி அரசுக்கு அறிவுறுத்தியது. ஆயினும் உரிமம் இல்லாத கடைக்காரர்கள் அதுவரை பட்ட கஷ்டம் பட்டதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 28-ஐ ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். எந்தச் சமூகமும் தன் மதம் வேண்டும் முறையில் ஒரு பிராணியை அறுப்பது இச்சட்டப்படி குற்றமாகாது என்கிறது அது. ஐரோப்பாவில் நிலைமை வேறு. அறுக்கும் முன் பிராணியை மயக்க வேண்டும் என்று உறுப்பு நாடுகள் விதிக்கலாம் என 2020 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்குள்ள முஸ்லிம்களும் யூதர்களும் அதனால் கவலையில் இருக்கிறார்கள்.

ஆனால் பிரிவு 28 அறுக்கும் முறைக்கு மட்டும்தான் பாதுகாப்பு. வண்டியில் திணித்து ஏற்றுவதற்கும், அடிப்பதற்கும், தண்ணீர் காட்டாமல் கட்டிப்போடுவதற்கும் அது பாதுகாப்பு ஆகாது.

2001-ஆம் ஆண்டின் அறுப்புக்கூட விதிகள், கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும், சினையாக இருப்பதையும் மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டியையும் அறுக்கக் கூடாது, ஒரு பிராணியின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது என்கின்றன. கத்தியைப் பிராணியின் முன்னால் தீட்டுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததையும், அறுக்கும்போதும் அழகிய முறையைக் கையாளக் கட்டளையிட்டதையும் மதரஸாவில் ஓதிய நமக்கு இவற்றில் எது புதிது?

மாட்டு விஷயத்தில் தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம் உண்டு. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, மாடோ எருமையோ பத்து வயது கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாது என்று சான்று இருந்தால்தான் அறுக்கலாம். நிரந்தரமாக ஊனமுற்றவற்றுக்கும் சான்று உண்டு. பசுவையும் கிடாரியையும் அறுக்க 1976 முதல் தடை. ஷரீஅத்தில் குர்பானி மாட்டுக்கு இரண்டு வயது நிரம்பினால் போதும். ஆனால் நொண்டி, நோய் கூடாது. இரண்டு நிபந்தனைகளும் ஒருங்கே பொருந்தும் மாடு கிடைப்பது சிரமம் என்பதால்தான் ஆட்டையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். ஆடு இந்தச் சட்டத்தின் கீழ் வராது.

ஒட்டகத்தை அறுப்பதற்கு 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும் நினைவிருக்கலாம். அதற்குரிய அறுப்புக்கூடம் இங்கே இல்லை என்பது அதில் முக்கியக் காரணம்.

நம் பக்கத்துக் குறை

ஆர்வலர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமல்ல. வதை கூடாது என்பவர் உண்டு. யாருமே கறி சாப்பிடக் கூடாது என்பவர் உண்டு. பிராணியின் பெயரால் நம்மீது பகை வளர்ப்பவரும் உண்டு. முதலாமவர் சொல்வதில் உண்மை இருந்தால் ஏற்றுக்கொள்வது நம் கடமை.

முன்பு ஒரு பெருநாளில், நாங்கள் நடத்திய கூட்டுக் குர்பானியின் குடலும் கழிவும் மாலைவரை அகற்றப்படவில்லை. புகார் சொல்ல எந்த ஆர்வலரும் வரவில்லை. பக்கத்துத் தெருவில் நம்மோடு மாமன் மச்சான் என்று பழகும் இந்துக் குடும்பத்தார்தான் தயங்கித் தயங்கி வந்து சொன்னார்கள். வெட்கப்பட்டோம். மறு ஆண்டு முதல் ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூடிய பிறகே கறி பங்கிடுகிறோம்.

இனிச் செய்ய வேண்டியவை

1. கறிக்கடை வைத்திருப்போர் உள்ளாட்சி உரிமத்தையும் உணவுப் பாதுகாப்பு உரிமத்தையும் காலாவதியாகும் முன் புதுப்பிக்கவும். படிவம் நிரப்ப அலுவலகத்தில் உதவுகிறோம்.
2. வெளியூர்ச் சந்தையிலிருந்து கால்நடை ஏற்றி வருவோர் வாங்கிய ரசீதும் மருத்துவச் சான்றும் வண்டியிலேயே வைத்திருக்கவும். இடம் விட்டு ஏற்றவும்.
3. தெருவிலும் சாக்கடை ஓரத்திலும் அறுக்க வேண்டாம். நான்கு பக்கமும் மறைத்த இடத்தில், ஒவ்வொன்றாக அறுக்கவும்.
4. அறுக்கும் படத்தை எடுக்கவோ செல்போனில் பரப்பவோ வேண்டாம். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.
5. வண்டியை யாராவது மறித்தால் வாய்ச்சண்டை வேண்டாம். சான்றுகளைக் காவல்துறையிடம் மட்டும் காட்டி, உடனே ஜமாஅத்துக்குத் தகவல் தரவும்.

அந்தப் பிள்ளைக்கு எங்கள் பதில் இதுதான்: தம்பி, அத்தா தொழில் ஹலாலான தொழில். தயங்காமல் செய். உரிமத்தைச் சுவரில் மாட்டு, கழிவுக்கு வழி செய், கத்தியைக் கூர்மையாக வை. கேள்வி கேட்டு வருகிறவரைக் கடைக்குள் அழைத்துக் காட்டும்படி தொழிலை நடத்து.

வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சி நடக்கும் நற்பாக்கியத்தை நம் அனைவருக்கும் அவன் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.

– செயலாளர்