வாசனை மனதைத் தொடும், நோயைத் தீர்க்குமா?

பெங்களூரின் வைட்ஃபீல்டில் ஐ.டி. வேலை முடித்து, நெரிசலில் ஊர்ந்து வீடு திரும்புகிறவர்களுக்கு இன்று எளிதாகக் கிடைக்கும் ஆறுதல்களில் ஒன்று நறுமண எண்ணெய். லாவண்டர் தூக்கம் தரும், எலுமிச்சை சுறுசுறுப்பு தரும், யூகலிப்டஸ் சளியை விரட்டும் என்று சொல்லி விற்கிறார்கள். பிரான்ஸைச் சேர்ந்த வேதியியலாளர் கேட்ஃபோஸே 1937இல் எழுதிய நூலிலிருந்து ‘அரோமாதெரபி’ என்ற பெயர் பரவியது. வாசனை மனநிலையை மாற்றும் என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் மனநிலையை மாற்றுவதாலேயே அது மருந்தாகிவிடாது. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம்; அந்தக் குழப்பத்துக்கு உடம்புதான் விலை கொடுக்கிறது.

மூக்கின் உள்ளே, மேற்புறத்தில் உள்ள சிறு திசுவில் மணத்தை உணரும் ஏறக்குறைய 400 வகை ஏற்பிகள் இருக்கின்றன. ஒரு மணம் அவற்றில் பலவற்றை ஒன்றாகத் தூண்டும். எவையெவை தூண்டப்பட்டன என்பதை வைத்துத்தான் இது மல்லிகை, இது பெருங்காயம் என்று மூளை பிரித்தறிகிறது. இந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே ஒபைத் சித்திக்கியும் வெரோனிகா ரோட்ரிக்ஸும் மும்பையில் பழ ஈக்களை வைத்து, மரபணு மாறினால் மோப்பமும் மாறும் என்று காட்டியிருந்தார்கள். பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை உருவாக்கியவர் அதே சித்திக்கிதான். நம் மண்ணில் நடந்த இந்த வேலை இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும். பார்வையும் ஒலியும் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகவே மூளைப் புறணிக்குப் போகின்றன. வாசனைக்கு அந்தச் சுற்று கிடையாது. உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை அது சட்டென்று எட்டிவிடுகிறது. பெயர் நினைவுக்கு வருமுன்பே ஒரு மணம் நம்மை நெகிழ வைப்பது இதனால்தான்.

இவ்வளவு நெருங்கிய தொடர்பு இருக்கும்போது உடலையும் குணமாக்காதா என்று கேட்கலாம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் இதைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். 56 பேருக்கு எலுமிச்சை, லாவண்டர் எண்ணெய்களையும், ஒப்பீட்டுக்கு வெறும் நீரையும் நுகரக் கொடுத்தார்கள். எலுமிச்சை மனதை உற்சாகப்படுத்தியது. மன அழுத்த ஹார்மோன், நோய் எதிர்ப்புத் திறன், காயம் ஆறும் வேகம் ஆகியவற்றில் இரண்டு எண்ணெயாலும் நன்மை தென்படவில்லை. லாவண்டர் பதற்றத்தைக் குறைப்பதாகச் சொல்லும் முக்கியமான ஜெர்மானிய ஆய்வுகளோ விழுங்கும் மாத்திரையை வைத்து நடந்தவை. முகர்வதற்கு அவை சாட்சியாகா.

மனம் லேசானாலே போதும், அதில் என்ன தப்பு என்பார்கள். தப்பே இல்லை, களைத்து வந்தவர் பிடித்த மணத்தோடு அரைமணி நேரம் அமர்ந்திருப்பது நல்லதுதான். காலங்காலமாகப் பாட்டிமார் பயன்படுத்தியது கெடுதல் செய்யுமா என்ற அடுத்த கேள்விக்குத்தான் கவனமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் தாமஸ் மாத்யூவும் சக மருத்துவர்களும் தென்னிந்திய மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. வலிப்போடு வந்த 350 பேரில் 55 பேருக்கு நறுமண எண்ணெயோடு தொடர்பு இருந்ததாக அவர்கள் கண்டார்கள். காரணம் என்று அவர்கள் சுட்டியவை யூகலிப்டஸும் கற்பூரமும். தலைவலிக்குத் தடவும் தைலத்திலும் ஆவி பிடிக்கும் வெந்நீரிலும், சளி பிடித்த குழந்தையின் நெஞ்சில் தேய்க்கக் கற்பூரம் போட்டுக் காய்ச்சும் தேங்காய் எண்ணெயிலும் இருப்பவை அவைதான். பழக்கம் பழையது என்பதால் நஞ்சு நஞ்சில்லாமல் போகாது. குழந்தைகள் தெரியாமல் விழுங்கினால் சிறிதளவு கற்பூரம்கூட வலிப்பைக் கொண்டுவரும்.

மூக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு: எச்சரிப்பது. வைட்ஃபீல்டை அடுத்த வர்த்தூர் ஏரியில் 2015லும் 2017லும் நுரை பொங்கிச் சாலைக்கே வந்தது. சுத்திகரிக்காத கழிவுநீரும் சோப்புத்தூளின் மிச்சமும் சேர்ந்து உண்டான நுரை அது. அதன் நாற்றத்தை ஜன்னலைச் சாத்தி நறுமணத்தால் மூடலாம், ஏரி மாறாது. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு மீறினால் மூக்கு மரத்தே போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று ஆள் நினைக்கும்போதுதான் ஆபத்து கூடுகிறது.

வாசனை சிகிச்சையாக உண்மையிலேயே பயன்படும் இடம் ஒன்று உண்டு. அது மூக்கையே தேற்றுவது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹம்மல் குழு, மோப்பம் குறைந்தவர்களுக்கு ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் காலையும் மாலையும் 12 வாரம் முகரக் கொடுத்து, பலருக்கு முன்னேற்றம் வந்ததை 2009இல் காட்டியது. கோவிட்டுக்குப் பின் மோப்பம் இழந்தவர்களுக்கு உலகெங்கும் மருத்துவர்கள் இதைப் பரிந்துரைத்தார்கள். உங்களுக்கு இன்னும் வாசனை தெரியவில்லை என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்திருந்தால், என்னென்ன தைலம் தடவினோம், எதில் ஆவி பிடித்தோம் என்பதை நரம்பியல் மருத்துவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். கற்பூரத்தையும் யூகலிப்டஸ் தைலத்தையும் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.