நடந்தது ஒன்று, நினைப்பது ஒன்பது

நண்பருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புகிறீர்கள். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. 'என்மேல் கோபமோ? கல்யாண வீட்டில் அப்படிப் பேசியிருக்கக் கூடாதோ? அவர் எப்போதுமே இப்படித்தானே!' படுக்கப் போவதற்குள் பல வருட நட்பே ஆட்டம் கண்டுவிடுகிறது. இத்தனைக்கும் நடந்தது, பதில் வராதது மட்டும்தான்.

மனம் இப்படிக் கிளைவிட்டுப் பெருகுவதைப் பாலி நூல்கள் 'பபஞ்ச' என்கின்றன. மஜ்ஜிம நிகாயத்தின் 18ஆவது சூத்திரத்தில் புத்தரின் சீடர் மகாகச்சானர் இதைப் படிப்படியாக விளக்குகிறார். கண்ணும் உருவமும் சேரும்போது பார்வையுணர்வு பிறக்கிறது. இம்மூன்றும் கூடினால் தொடர்பு. தொடர்பிலிருந்து இன்ப துன்ப உணர்ச்சி. உணர்ந்ததை இன்னதென்று அறிகிறோம், அறிந்ததை எண்ணுகிறோம், எண்ணியதைப் பெருக்குகிறோம். பெருகியவை திரண்டு வந்து நம்மையே சூழ்ந்துகொள்கின்றன.

இந்த வரிசையில் உள்ள ஒரு நுட்பத்தை, 1971இல் கண்டியில் வெளியான தம் நூலில் இலங்கையின் ஞானானந்த தேரர் எடுத்துக்காட்டினார். முதல் கட்டம் தானாக நடக்கிறது. நடுவில் 'நான்' நுழைகிறது. முடிவிலோ, எண்ணியவரே தம் எண்ணங்களுக்கு இரையாகிறார்.

உளவியலும் இதே இடத்தைத் தொட்டிருக்கிறது. 1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவை நிலநடுக்கம் உலுக்கியது. அதற்குச் சற்று முன்புதான் உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனநிலையைப் பதிவுசெய்திருந்தார். கவலையை மனத்துக்குள் திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் உள்ளவர்களிடம், ஏழு வாரம் கழித்தும் மனச்சோர்வு கூடுதலாகவே இருந்தது. அதே நிலநடுக்கம்தான், அதைச் சுமந்த விதம்தான் வேறு.

இதற்கு என்ன வழி? மகாகச்சானர் காட்டிய அந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்ப்பதுதான். 'பதில் வரவில்லை' என்பது நிகழ்வு. 'நெஞ்சு படபடக்கிறது' என்பது உணர்ச்சி. 'அவர் வெறுக்கிறார்' என்பது எண்ணம். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போதுதான் எண்ணம் உண்மையின் வேடம் போடுகிறது.

எண்ணத்தை எண்ணமாகவே பார்க்கும் இந்தப் பயிற்சியை டீஸ்டேல், சீகல், வில்லியம்ஸ் ஆகிய உளவியலாளர்கள் மூவரும் சிகிச்சையாக வடிவமைத்தார்கள். அவர்கள் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனச்சோர்வு மூன்று முறையோ அதற்கு மேலோ வந்து தேறியவர்களுக்கு அது திரும்ப வரும் வாய்ப்பு கணிசமாகக் குறைந்தது. அதற்குக் குறைவான முறை வந்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே இது சர்வரோக நிவாரணி அல்ல; கடும் மனச்சோர்வு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

சிந்திக்கவே கூடாது என்று புத்தர் சொல்லவில்லை. நல்லெண்ணமும் கருணையும் கொண்ட சிந்தனையை அவர் வளர்க்கவே சொன்னார். நடந்தது எது, நாம் சேர்த்தது எது என்று பிரித்தறியப் பழகிவிட்டால், பிறர்மேல் பழி போடுமுன் ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை வரும். தெளிவாகப் பார்ப்பதன் முதல் பயன் அதுதான்.